ஐ.டி.ஐ.க்காகப் பேச ஆள் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

அரசு ஐ.டி.ஐ.யில், அதாவது தொழிற்பயிற்சி நிலையத்தில், ஃபிட்டர் பிரிவுக்கு 31 வருடம் பாடம் எடுத்து ஓய்வுபெற்றவன் நான். ஐ.டி.ஐ.க்களை மேம்படுத்தும் பி.எம். சேது திட்டம் பற்றிய செய்தியைப் படித்ததிலிருந்து இதை எழுதியே ஆக வேண்டும் என்று மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. 2025 அக்டோபரில் பிரதமர் தொடங்கி வைத்த திட்டம் அது. நாடு முழுக்க 1,000 அரசு ஐ.டி.ஐ.க்கள், 60,000 கோடி ரூபாய். அதில் 200 நிலையங்கள் மையமாக இருக்கும், மீதி 800 அவற்றைச் சார்ந்து இயங்கும், நடத்துவதில் தொழில் நிறுவனங்களுக்கு முக்கியப் பொறுப்பு. நம் தமிழ்நாட்டில் இதற்கு முன்பே 2,877 கோடி ரூபாய் செலவில் 71 அரசு ஐ.டி.ஐ.க்களை டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் சேர்ந்து மேம்படுத்தும் வேலை நடந்திருக்கிறது. ரோபோவும் கம்ப்யூட்டரால் இயங்கும் புது சி.என்.சி. மெஷினும் நம் பிள்ளைகள் கைக்கு வருகிறதே என்று எனக்கு மனசு நிறைந்துதான் போனது.

ஆனால் பணமும் மெஷினும் வந்த பிறகு அந்த நிலையத்தைத் தலைமை தாங்கி நடத்துவது யார், அதற்காக வெளியே போய்ப் பேசுவது யார் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. என் கவலை முழுக்க அதுதான்.

இது புதுக் கவலை இல்லை. 2007-இல் நாடு முழுவதும் 1,396 அரசு ஐ.டி.ஐ.க்களுக்கு இதே மாதிரி ஒரு திட்டம் வந்தது. நிலையத்துக்கு இரண்டரைக் கோடி ரூபாய் வரை வட்டியில்லாக் கடன், கூடவே நிலைய நிர்வாகக் குழு, நாங்கள் ஐ.எம்.சி. என்போம். தொழிலதிபர் ஒருவர் தலைவர், ஐ.டி.ஐ.யின் முதல்வரே செயலாளர், மூத்த ஆசிரியர் ஒருவர், மாணவர் பிரதிநிதி ஒருவர் என்று எல்லாருக்கும் அதில் இடம் உண்டு. நல்ல ஏற்பாடு. அது நன்றாக நடந்த ஒரு நாளை நானே பார்த்திருக்கிறேன்.

எங்கள் குழுவின் தலைவர் பம்ப் கம்பெனி நடத்துபவர். ஒரு கூட்டத்தில் கணக்கெல்லாம் வாசித்து முடித்த பிறகு, எண்ணெய்க்கறை படிந்த சீருடையோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த டர்னர் பிரிவு (லேத் என்ற கடைசல் மெஷினில் வேலை பழகும் பிரிவு) இரண்டாம் வருடப் பையனிடம் திரும்பி, "சொல்லு கண்ணு, உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். பையன் முதல்வரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், அப்புறம் சொன்னான்: "எட்டு லேத்துல மூணுதாங்க ஓடுது. ஒருத்தன் மரை வெட்டுனா ஆறு பேரு பார்த்துட்டு நிக்கறோமுங்க." தலைவர் எதுவும் பேசவில்லை. அடுத்த வாரம் அவருடைய கம்பெனியிலிருந்து இரண்டு மெக்கானிக்குகள் வந்தார்கள். ஒரு லேத்தில் கியர் தேய்ந்திருந்தது, இன்னொன்றில் மோட்டாரின் கம்பிச்சுருள் போயிருந்தது. மூன்றே நாளில் இரண்டும் ஓடின. அந்த இரண்டு லேத்துக்காக நாங்கள் இரண்டு வருடமாக மேலே கடிதம் எழுதிக்கொண்டிருந்தோம்!

அவர் பொறுப்பிலிருந்து விலகிய பிறகு கூட்டமே சரியாக நடக்கவில்லை. கூட்ட நடவடிக்கைகளை எழுதும் மினிட்ஸ் புத்தகம் மட்டும் உறுப்பினர்களின் ஆபீஸ் ஆபீஸாகப் போய்க் கையெழுத்து வாங்கி வந்தது. மாணவர் பிரதிநிதியும் கையெழுத்துப் போட்டான், என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமலே.

முதல்வர் விஷயமும் இப்படித்தான். என் கடைசி ஒன்பது வருடத்தில் ஐந்து முதல்வர்களைப் பார்த்தேன், அதில் மூன்று பேர் இன்னொரு நிலையத்தையும் சேர்த்துக் கவனித்த பொறுப்பு முதல்வர்கள். அவர்களில் ஒருவர் செவ்வாய், வெள்ளி மட்டும் எங்களிடம் வருவார். தங்கமான மனிதர். ஆனால் புதன்கிழமை ஒரு கம்பெனி மேனேஜர் அப்பரண்டிஸ், அதாவது வேலை பழகும் பிள்ளைகள், வேண்டும் என்று வந்தால் யாரைப் பார்ப்பார்? வந்தவர் வாசலோடு திரும்பிப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் மொத்த ஆட்களில் இரண்டரை முதல் 15 சதவீதம் வரை அப்பரண்டிஸ் எடுத்தே ஆக வேண்டும். அதைக் கம்பெனி கம்பெனியாகப் போய்க் கேட்கவும், எடுத்த பிள்ளைக்கு உள்ளே என்ன வேலை தருகிறார்கள் என்று எட்டிப் பார்க்கவும் ஒரு ஆள் வேண்டாமா? என் மாணவன் ஒருவன் அப்பரண்டிஸ் காலத்தில் பாதி நாள் அட்டைப்பெட்டிதான் ஒட்டிக்கொண்டிருந்தான். இரண்டு வருடம் இரும்பை ராவும் அரம் பிடித்துப் பழகிய கை அது. அவனுக்காக யாரும் கேட்கவில்லை, நான் கேட்டதும் காலம் கடந்துதான், அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

பொறியியல் கலந்தாய்வு என்றால் பத்திரிகை, டி.வி. எல்லாம் தினமும் பேசுகின்றன. ஐ.டி.ஐ. சேர்க்கைக்கு ஒரு மூலையில் நாலு வரி. எங்களிடம் வரும் பிள்ளைகளின் அப்பா அம்மா பெரும்பாலும் கூலி வேலைக்குப் போகிறவர்கள். அரசு தரும் மாதம் 750 ரூபாயும் பஸ் பாஸும் அந்த வீடுகளுக்குப் பெரிய உதவி. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஆபீசில் வந்து நியாயம் கேட்க அவர்களால் முடியாது. எங்கள் பக்கத்து அரசியல்வாதிகளும் சேர்க்கை நேரத்தில் சிபாரிசுக் கடிதம் கொடுத்ததோடு சரி, ஒர்க்‌ஷாப்புக்குள் வந்து எத்தனை மெஷின் ஓடுகிறது என்று என் காலத்தில் ஒருவரும் எண்ணிப் பார்த்ததில்லை.

அதனால் அதிகாரிகளிடம் கேட்டுக்கொள்கிறேன். புதுத் திட்டத்தில் அமையப்போகும் குழுக்களில் பெரிய கம்பெனிகள் தலைமை ஏற்கட்டும், ஆனால் பட்டறையில் நிற்கும் ஆசிரியருக்கும் மாணவருக்கும் அங்கே வாய் திறக்க இடம் வேண்டும். பழைய ஐ.எம்.சி.யில் தொழிலாளர் தரப்புக்கென்று தனி இடம் இல்லை, இந்த முறையாவது அதைச் சேர்க்க வேண்டும். முதல்வரை மூன்று வருடமாவது ஒரே இடத்தில் விடுங்கள், ஒருவருக்கு ஒரு நிலையம் போதும். கூட்டத்தில் பேசியதை நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள், மாணவர்கள் படிக்கட்டும். உங்கள் நிருபர்களும் ஒருமுறை இந்தக் கூட்டங்கள் எப்படி நடக்கின்றன என்று விசாரித்து எழுத வேண்டும்.

அந்த டர்னர் பையன் இப்போது இரண்டு லேத் போட்டுச் சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறான், மூன்று பேருக்கு வேலை கொடுக்கிறான். போன வாரம் பேசியபோது, குழுவுக்குக் கூப்பிட்டால் வருவாயா என்று கேட்டேன். "ஒரு நேரம் பட்டறையச் சாத்திட்டு வந்தர்றனுங்க சார்" என்றான். இவனைப் போன்றவர்களின் பெயரும் முகவரியும் ஒவ்வொரு ஐ.டி.ஐ.யின் பழைய பதிவேட்டிலும் இருக்கின்றன. அதை எடுத்துப் பார்த்து அவர்களைக் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உதவிப் பயிற்சி அலுவலர் (ஃபிட்டர் பிரிவு),
கொங்கு வட்டாரம்