பனிக்கரடியோடு அந்த ஊர் மனிதரையும் காட்டுங்கள்

ஆசிரியருக்கு,

ஆர்க்டிக் விலங்குகள் பற்றிய விவரணப்படமொன்றைப் பேரப்பிள்ளைகளோடு இருந்து பார்த்தேன். பனிக்கரடி குட்டியை நக்கிக் கொடுக்கும் காட்சி அற்புதம். ஆனால் அங்கு வாழும் பூர்வகுடிகளான இனுவிட் மக்களில் ஒருவர் முகம்கூட வரவில்லை. பேசியவர்கள் எல்லாரும் வெளியிலிருந்து போனவர்கள். ஆளில்லாத இடமா அது? கனடாவின் நுனாவுட்டில் பெரும்பான்மையினரே இனுவிட் மக்கள்தான்.

1977இல் அலாஸ்காவில் போஹெட் திமிங்கிலங்கள் அருகிவிட்டன என்று வேட்டைக்குத் தடை வந்தது. அவை பனிக்கட்டிக்கு அடியாலும் போகும், அவற்றை நீங்கள் எண்ணவில்லை என்று கணக்கெடுத்தவர்களிடம் சொன்னார்கள் அலாஸ்காவின் பூர்வகுடிகளான இனுப்பியாட் வேட்டைக்காரர்கள். பிறகு நீருக்கடியில் ஒலிவாங்கி இறக்கிக் கேட்டபோது அவர்கள் சொன்னதே சரியென்று தெரிந்தது.

தோணிக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மட்டக்களப்பு வாவியைப் படமெடுத்தால் நாம் ஒப்புக்கொள்வோமா? தமிழில் குரல் கொடுத்து ஒளிபரப்பும் நிலையங்கள், ஆர்க்டிக் மக்களே பேசும் படங்களையும் வாங்கிப் போட வேண்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
கல்லடி, மட்டக்களப்பு