சுடிதாருக்கு ஒரு பாக்கெட்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் ஆணும் பெண்ணும் ஒன்றுபோல் போடும் 'யுனிசெக்ஸ்' உடைகள் பற்றி வந்த கட்டுரையை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கடையிலேயே உட்கார்ந்து படித்தேன். உடையில் ஆண், பெண் பேதம் மறைந்துவருகிறதாம். திண்டுக்கல்லில் 22 வருடமாகத் தையல் மெஷின் மிதிக்கும் எனக்கு அப்படித் தெரியவில்லை.

என் மகள் அந்த மாதிரி டி-ஷர்ட் ஒன்று வாங்கிவந்தாள். புரட்டிப் பார்த்தேன். தோள் இரண்டு அங்குலம் இறங்கியிருக்கிறது, பக்கத் தையல் இடுப்பில் வளையாமல் நேராக ஓடுகிறது. ஆம்பளை சட்டைதான். அதைப் பெண் போட்டால் யுனிசெக்ஸ். பூப்போட்ட சுடிதார் டாப்பை அந்தப் பெயரில் எந்தக் கடையாவது மாட்டியிருக்கிறதா? போன தீபாவளிக்கு ஒரு கல்லூரிப் பையன் அம்மாவின் பழைய மாம்பழக் கலர் சேலையில் குர்தா தைக்கச் சொன்னான். சொல்லும்போதே வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். பிளவுஸ் வாங்க வந்திருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். அவனிடம் பாதிக் கூலிதான் வாங்கினேன், அது வேறு கதை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இப்போது பெண் பிள்ளைகள் கடைக்கு வந்ததும் கேட்பது, "அக்கா, பாக்கெட் வைப்பீங்களா?" கால் மீட்டர் துணி, பதினைந்து நிமிட வேலை. டாப்பின் பக்கவாட்டில் திறந்திருக்கும் ஸ்லிட் தொடங்குவதற்கு மேலேயே பாக்கெட்டின் வாய் முடிந்துவிட வேண்டும். பையை முன்பக்கமாகச் சாய்த்துத் தைக்காவிட்டால் போன் கனத்தில் ஸ்லிட் வழியாக எட்டிப் பார்க்கும். இவ்வளவுதான் சூட்சுமம். இதைத்தான் ரெடிமேட் கடையில் 'பாக்கெட் வைத்தது' என்று தனியாகச் சொல்லி விற்கிறார்கள். ஆண் சட்டையை யாராவது அப்படிச் சொல்லி விற்பார்களா?

ஜீன்ஸும் லேசுப்பட்டதில்லை. 2018-இல் தி புட்டிங் என்ற அமெரிக்க இணைய இதழ் அளந்து பார்த்ததில், பெண்கள் ஜீன்ஸின் முன் பாக்கெட் ஆண்களுடையதைவிடச் சராசரியாக 48 சதவீதம் ஆழம் குறைவு. மகள் போனில் காட்டினாள். ஸ்கேல் வைத்துப் பார்க்காமலே எனக்குத் தெரிந்த கணக்குதான்.

எங்கள் அப்பத்தா இடுப்பில் சுருக்குப்பை வைத்திருந்தார். வெற்றிலை, பாக்கு, சில்லறை, பீரோ சாவி எல்லாம் அதற்குள். அம்மா காசை முந்தானையில் முடிந்தார். நான் பிளவுஸில் செருகினேன். தலைமுறைக்குத் தலைமுறை பை சுருங்கித்தான் வந்திருக்கிறது.

2021 டிசம்பரில் கேரளத்துப் பாலுச்சேரி அரசுப் பள்ளியில் மாணவ, மாணவியர் இருவருக்கும் ஒரே மாதிரி பேண்ட், சட்டை என்று கொண்டுவந்தபோது எதிர்ப்புக் கிளம்பியது. பெண் பிள்ளை பேண்ட் போடலாமா என்றே எல்லோரும் பேசினார்கள். எனக்கு அந்தப் பேண்டின் பாக்கெட்தான் ஞாபகம் வந்தது.

காரணம் இருக்கிறது. ஒரு தனியார் பள்ளிக்கு மூன்று வருடம் சீருடை தைத்தேன். பையனுக்குச் சட்டையில் ஒன்று, பேண்டில் மூன்று, ஆக நான்கு பாக்கெட். பெண் பிள்ளைக்குச் சுடிதார், மேலே ஓவர்கோட், பாக்கெட் ஒன்றுகூடக் கிடையாது. வீட்டுக்குத் தூரமான நாளில் நாப்கினை எங்கே வைத்துக்கொண்டு வகுப்பிலிருந்து எழுந்து போவாள்? கேட்டேன். "ஆர்டர்ல இருக்கிறதைத் தைங்கம்மா" என்றார்கள்.

கடைசி வருடம் யாரிடமும் சொல்லாமல் ஓவர்கோட்டின் உள்பக்கம் ஒரு பாக்கெட் வைத்துத் தைத்துக் கொடுத்துவிட்டேன். பள்ளியில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. பிள்ளைகள் முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார்கள்.

இப்படிக்கு,
ஒரு தையல்கடைக்காரி,
திண்டுக்கல்