பலெர்மோவிலிருந்து அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

மாசியில் நீங்கள் எழுதிய கடிதம் போன கிழமைதான் கிடைத்தது. அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று வாசித்த பிறகே எனக்கு நிம்மதி. நான் நல்ல சுகம். வெளியே குளிர் விட்டுவிட்டது, வீட்டுச் சுவரில்தான் இன்னும் ஈரம் காயவில்லை. சாப்பாட்டுக்கும் குறையில்லை. கடலை மாவைக் காய்ச்சி ஆறவைத்து, துண்டு போட்டுப் பொரித்து, பாணுக்குள் வைத்துத் தெருவில் விற்பார்கள். பெரும்பாலும் மத்தியானமும் இரவும் அதுதான். ருசியானது, மலிவும்.

கீழ்வீட்டு ஐயாவோடு ஃபவிஞானா தீவுக்குப் போய் வந்தேன். அவர் அந்தத் தீவுக்காரர், இளவயதில் சூரை பிடித்தவர். மார்ச் 10 வந்தால் அவருக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. கி.மு. 241இல் அந்த நாளில்தான் ரோமரும், வட ஆப்பிரிக்கக் கரையிலிருந்த கார்தேஜ் நகரத்துக்காரரும் அந்தக் கடலில் மோதினார்கள். நான் இருக்கிற இந்த சிசிலித் தீவுக்காக 23 வருஷமாக நடந்த சண்டை அதோடு முடிந்தது. பழைய சூரைத் தொழிற்சாலை இப்போது அருங்காட்சியகம். கப்பல் மூக்கில் மாட்டி எதிரிக் கப்பலை இடிக்கிற வெண்கல முட்டிகளைக் கடலடியிலிருந்து எடுத்து அங்கே வைத்திருக்கிறார்கள். கார்தேஜ்காரரின் முட்டி ஒன்றில், எதிரிக் கப்பலை உடைக்க வேண்டும் என்று அவர்களுடைய தெய்வமான பாகாலிடம் கேட்கும் பிரார்த்தனை பொறித்திருக்கிறது. செய்தவனின் பயம் அதில் தெரிகிறது அக்கா.

ஐயா சொன்னதில் ஒன்றுதான் மனதை விட்டுப் போகவில்லை. அப்போது ரோமின் கஜானாவில் காசே இல்லை. வசதியுள்ளவர்கள் தனியாகவும், இரண்டு மூன்று பேராகச் சேர்ந்தும் ஒவ்வொரு கப்பலாகக் கட்டிக் கொடுத்தார்கள். வென்றால் திருப்பித் தரலாம் என்பது மட்டும்தான் பேச்சு. அப்படி 200 கப்பல் கடலில் இறங்கியது. கார்தேஜ் கப்பல்களோ சிசிலியின் எரிக்ஸ் மலையில் தளபதி ஹமில்கார் பார்காவோடு காத்திருந்த தங்கள் ஆட்களுக்குத் தானியம் ஏற்றிப் பாரமாக வந்தன. 50 மூழ்கின, 70 பிடிபட்டன. பிறகு கார்தேஜ்காரர் 3200 தாலந்து எடை வெள்ளி தண்டம் கட்டச் சம்மதித்து சிசிலியை விட்டுப் போனார்கள். ஊர் திரும்பிய கூலிப்படைக்குச் சம்பளம் கொடுக்க முடியாமல் அங்கேயும் கலகம்.

நீங்களும் மாமாவும் சின்னண்ணாவும் சேர்ந்து என்னை அனுப்பிவைத்ததை அந்தக் கரையில் நின்று நினைத்தேன். மலையில் இருந்தவர்களுக்குத் தானியம் வந்து சேரவில்லை என்று ஐயா சொன்னபோது, உங்கள் கையால் கட்டி அனுப்பிய மிளகாய்த்தூளும் ஒடியலும் கண்ணுக்குள் வந்தன. பருத்தித்துறையில் அப்பாவோடு விடியப்புறம் மீன் வாங்க நின்றதும் வந்தது. எனக்குப் பேச வரவில்லை. ஐயா ஒன்றும் கேட்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சரி, வீட்டு விஷயம். வேலை செய்யும் இடத்தில் சம்பளம் கொஞ்சம் பிந்துகிறது. இந்த மாதம் பாதிதான் அனுப்புவேன். யோசிக்க ஒன்றுமில்லை, அம்மாவிடம் சொல்ல வேண்டாம். வந்ததும் முதலில் வங்கியில் இருக்கும் உங்கள் சங்கிலியின் வட்டியைக் கட்டுங்கள். தங்கச்சியின் சம்பந்தம் பேசும்போது சீதனமாகக் காணியைக் கேட்டால் கிணற்றுப் பக்கத் துண்டை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். அம்மாவின் தோட்டம் அந்தத் தண்ணீரில்தான் நிற்கிறது. உறுதியில் எல்லை சரியாக இருக்கிறதா என்று அத்தானை ஒரு தரம் பார்க்கச் சொல்லுங்கள். மாப்பிள்ளை என்ன வேலை என்று நீங்கள் எழுதவே இல்லை. அதை உடனே எழுதுங்கள். மோட்டர் திருத்த எவ்வளவு கேட்கிறார்கள் என்பதையும் எழுதுங்கள்.

அன்புடன்,
தம்பி