விடியற்காலை 4.30 மணி ஸ்டடி ஹவர்: உறைவிடப் பள்ளித் தாளாளர்களுக்கும் விடுதிக் காப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

தாளாளர்கள், முதல்வர்கள், விடுதிக் காப்பாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பிளஸ் டூ மதிப்பெண்ணுக்காகவும் நீட், ஜேஇஇ பயிற்சிக்காகவும் பிள்ளைகளை விடுதியில் தங்கவைத்துப் படிக்கவைக்கும் பள்ளிகளுக்கு இதை எழுதுகிறோம். ஊர் எதுவானாலும் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கும் கால அட்டவணை ஏறத்தாழ ஒன்றுதான். காலை 4.30க்கு மணி. 5 முதல் 6.30 வரை ஸ்டடி ஹவர். 8.30 முதல் மாலை 4.30 வரை வகுப்பு. பிறகு 6 முதல் 7.30 வரை படிப்பு, சாப்பாடு, மறுபடி 8.30 முதல் இரவு 10.45 வரை படிப்பு. அப்புறம்தான் விளக்கணைப்பு.

இதில் தூக்கம் எவ்வளவு என்று கூட்டிப் பாருங்கள். 10.45க்கும் 4.30க்கும் இடையே 5 மணி 45 நிமிடம். பல் துலக்கி, பாய் விரித்து, கண் அயர அரை மணி போனால் மிஞ்சுவது 5 மணி 15 நிமிடம். 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016இல் வெளியிட்ட பரிந்துரை. அதன் கீழ்வரம்பான 8 மணியை வைத்துக்கொண்டாலும் ஓர் இரவுக்கு 2 மணி 45 நிமிடம் குறைகிறது. திங்கள் முதல் சனி வரை சேர்த்தால் பதினாறரை மணி நேரம், அதாவது இரண்டு முழு இரவுகள்.

"எங்கள் பிள்ளைகளுக்குப் பழகிவிட்டது" என்று பல காப்பாளர்கள் சொல்கிறார்கள். தூக்கம் பற்றிய தவறான எண்ணங்களில் மிக ஆபத்தானது இதுதான். 2003இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆரோக்கியமான பெரியவர்களைத் தொடர்ந்து 14 நாள் இரவுக்கு 4, 6 அல்லது 8 மணி நேரம் மட்டும் படுக்கவைத்தார்கள். 4 மணி, 6 மணிக் குழுக்களின் கவனமும் வேலை நினைவும் (ஒரு வேலையைச் செய்யும்போது தேவையானதை மனதில் பிடித்து வைத்திருக்கும் திறன்) நாளுக்கு நாள் சரிந்து, ஓரிரு இரவு முழுக்கக் கண்விழித்தவர்களின் நிலைக்கு வந்தன. ஆனால் "தூக்கம் வருகிறதா" என்று கேட்டபோது அவர்கள் சொன்ன பதில் முதல் சில நாட்களுக்குப் பிறகு பெரிதாக மாறவே இல்லை. பழகியது தூக்கக் கலக்கம் மட்டுந்தான். மூளையின் திறன் குறைந்துகொண்டே போனது. அதனால் மாணவனிடம் "நல்லா இருக்கியா?" என்று கேட்டு முடிவு செய்யாதீர்கள். "நல்லாத்தான் இருக்கேன் சார்" என்றுதான் சொல்வான். பொய்யில்லை, அவனுக்கே தெரியாது.

இனி, "சீக்கிரம் படுக்கச் சொன்னால் படுப்பதில்லை, அரட்டை அடிக்கிறார்கள்" என்ற குறை. உண்மைதான். ஆனால் காரணம் ஒழுங்கீனம் அல்ல. இரவு வந்துவிட்டது என்று உடலுக்கு அறிவிக்கும் மெலடோனின் என்ற சுரப்பு, பருவமடைந்த பிள்ளைகளுக்குச் சிறுவர்களைவிட ஒன்று முதல் இரண்டு மணி நேரம் தாமதமாகவே ஏறத் தொடங்குகிறது. விழித்திருக்க விழித்திருக்கக் கூடும் தூக்கத் தேவையான தூக்க அழுத்தமும் அந்த வயதில் மெதுவாகத்தான் சேர்கிறது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை 9 மணிக்கே சாய்வதும், பதினோராம் வகுப்புப் பிள்ளை 10.30க்கும் கண் கொட்டாமல் இருப்பதும் இதனால்தான். தூங்கும், விழிக்கும் நேரத்தை நடத்தும் உடலின் உள்கடிகாரம் இப்படிப் பின்தள்ளிப் போன வயதில் எழும் நேரத்தை மட்டும் முன்தள்ளினால் தூக்கம் இருபுறமும் நசுங்குகிறது.

நசுங்கும்போது எது போகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். இரவு முழுவதும் தூக்கம் ஒரே மாதிரி இருப்பதில்லை. சுமார் 90 நிமிடச் சுற்றுகளாக வரும். ஆழ்ந்த தூக்கம் பெரும்பாலும் முதல் மூன்றிலொரு பங்கில். கண்கள் மூடிய இமைக்குள் வேகமாக அசையும் கனவுத் தூக்கம் பெரும்பாலும் கடைசி மூன்றிலொரு பங்கில். 4.30 மணி என்பது சரியாக இந்தக் கடைசிப் பங்கை வெட்டும் நேரம். எட்டில் இரண்டு மணி குறைத்தால் எல்லாவற்றிலும் கால்பங்குதானே குறையும் என்ற கணக்கு இங்கே செல்லாது. கனவுத் தூக்கத்தில் அதைவிட மிக அதிகம் போய்விடும்.

"விடியற்காலையில் படித்தால் மனதில் நிற்கும்" என்பது பெற்றோரும் விரும்பிக் கேட்கும் வாதம். பிரம்ம முகூர்த்தத்தையும் துணைக்கு அழைப்பார்கள். சூரிய உதயத்துக்கு 96 நிமிடம் முன்பு தொடங்கும் பொழுது அது. அந்த நேரத்தில் எழுந்த தலைமுறை இரவு எட்டு, எட்டரைக்கே பாயில் விழுந்தது என்பதை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறோம். போதுமான அளவு தூங்கி எழுந்த தலைக்கு எந்த விடியலும் நல்ல நேரம்தான். இரவு 11.15க்குத் தூங்கிய பதினேழு வயதுப் பிள்ளைக்கோ 4.30 என்பது உடல் வெப்பநிலை ஏறக்குறைய அடிமட்டத்தில் இருக்கும் வேளை. அப்போது எழுப்பினால், எழுந்த பின்னும் மூளை தெளியாமல் கிடக்கும் விழிப்பு மந்தம் அரை மணி, சில சமயம் ஒரு மணி நேரம்கூட நீடிக்கும். 5 மணிக்குப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒரே பத்தியை நாலு முறை படிப்பது இந்த மந்தத்தில்தான். முகத்தில் தண்ணீர் அடிப்பதும் எழுந்து நிற்கச் சொல்வதும் சில நிமிடங்களுக்குத்தான் வேலை செய்யும். கண் திறந்திருக்கும்போதே சில நொடிகள் மூளை தூங்கிவிடும் நுண்தூக்கம் நின்றுகொண்டிருப்பவருக்கும் வரும்.

மனதில் நிற்க வேண்டுமானால் படித்த பின் தூங்க வேண்டும். 1924இலேயே கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற இருவர் இதைச் சோதித்துக் காட்டினார்கள். பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்துவிட்டுத் தூங்கியவர்கள், அதே நேரம் விழித்திருந்தபோது நினைவுகூர்ந்ததைவிடத் தெளிவாக அதிகம் நினைவுகூர்ந்தார்கள். இரவு 9.30க்குப் படித்து முடித்து நன்றாகத் தூங்குவதும் படிப்பின் ஒரு பகுதிதான்.

தேர்வு நேரத்தையும் பாருங்கள். பிளஸ் டூ பொதுத்தேர்வில் 10 மணிக்கு வினாத்தாள், 10.15 முதல் 1.15 வரை எழுதும் நேரம். நீட் தேர்வு பிற்பகல் 2 முதல் 5 வரை. விடியற்காலை 5 மணிக்கு எந்தத் தேர்வும் நடப்பதில்லை. மாறாக, மதியம் 1 முதல் 4 வரை எல்லா மனிதருக்கும் விழிப்பு இயல்பாகவே சற்று சரியும். தூக்கக் குறைவுள்ளவர்களுக்கு அந்தச் சரிவு பள்ளமாகிவிடும். நீட் எழுதும் பிள்ளையை 4.30க்கு எழுப்பிப் பழக்குவது, அந்தப் பள்ளத்தை நாமே தோண்டித் தேர்வறைக்கு அனுப்புவது.

பல விடுதிகளில் 4.30 மணிக்கு உண்மையான காரணம் படிப்பு இல்லை, குளியலறை. எட்டுப் பத்துப் பேருக்கு ஒரு குளியலறை என்றிருந்தால் 7.30 சிற்றுண்டிக்குள் எல்லோரும் தயாராக ஐந்து மணிக்கே வரிசை தொடங்கியாக வேண்டும். இந்தச் சிக்கலைத் தீர்க்காமல் யார் என்ன அறிவுரை சொன்னாலும் மணி மாறாது. தீர்வு எளிது. பாதிப் பேர் மாலை விளையாட்டு முடிந்தவுடனோ இரவிலோ குளிக்கட்டும். மீதிப் பேர் காலையில். காலைக் குளியல் கட்டாயம் என்ற விதியை எடுத்தாலே ஒரு மணி நேரம் கிடைத்துவிடும். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு பத்து நிமிடம் வெதுவெதுப்பான நீரில் குளித்தால் தோலின் இரத்த நாளங்கள் விரிந்து உள்வெப்பம் வெளியேறும். தூக்கமும் விரைவாக வரும்.

நாங்கள் முன்வைக்கும் அட்டவணை இது. காலை 6க்கு எழுதல். 6.45 முதல் 7.30 வரை படிப்பு. வகுப்பு நேரத்தில் மாற்றமில்லை. மாலை 5.45 முதல் 7.30 வரை படிப்பு. சாப்பாட்டுக்குப் பின் 8.15 முதல் 9.30 வரை படிப்பு. 10 மணிக்கு விளக்கணைப்பு. விடுதிப் படிப்பு நேரம் 5 மணி 15 நிமிடத்திலிருந்து 3 மணி 45 நிமிடமாகும். ஒன்றரை மணி நேரம் குறைகிறது, மறைக்கவில்லை. அந்த ஒன்றரை மணியில் இப்போது உண்மையில் எவ்வளவு படிப்பு நடக்கிறது என்பதை 5.15க்கு ஸ்டடி ஹாலுக்குள் ஒரு சுற்று வந்து நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

"நேரம் கொடுத்தாலும் தூங்க மாட்டார்கள், இன்னும் தாமதமாகத்தான் படுப்பார்கள்" என்ற சந்தேகத்துக்குச் சியாட்டில் நகரம் பதில் சொல்லியிருக்கிறது. அங்கே 2016இல் உயர்நிலைப் பள்ளித் தொடக்கத்தை 7.50இலிருந்து 8.45க்கு மாற்றினார்கள். மாணவர்களின் தூக்கம் சராசரியாக 34 நிமிடம் கூடியது. கலிபோர்னியாவில் 2022 ஜூலை முதல் உயர்நிலைப் பள்ளிகள் 8.30க்கு முன் தொடங்கக்கூடாது என்பது சட்டம். நம் நாட்டிலும் மகாராஷ்டிர அரசு 2024இல் நான்காம் வகுப்பு வரை 9 மணிக்கு முன் பள்ளி வேண்டாம் என்று ஆணையிட்டது. சிறு பிள்ளைகளைவிடத் தாமதமாகத் தூங்கும் பெரிய பிள்ளைகளுக்கு அங்கும் விடிவு வரவில்லை என்பது வேறு கதை.

மாற்றும் முறைதான் பலர் தவறும் இடம். ஒரே நாளில் விளக்கணைப்பை 10.45இலிருந்து 10க்குக் கொண்டுவந்தால் முதல் வாரம் அறை முழுக்கக் கிசுகிசுப்புதான் கேட்கும். வழக்கமான தூக்க நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரம் உடல் மிகவும் விழிப்பாக இருக்கும் வேளை. அப்போது கட்டளையால் தூக்கம் வராது. "கொடுத்துப் பார்த்தோம், பயனில்லை" என்று காப்பாளர் பழைய நேரத்துக்கே திரும்பிவிடுவார். எழும் நேரத்தை முதல் நாளே 6 ஆக்கிவிடுங்கள். ஏற்கனவே தூக்கக் கடன் சேர்ந்த உடல் அதை உடனே பிடித்துக்கொள்ளும். விளக்கணைப்பை மட்டும் மூன்று நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னே நகர்த்துங்கள். பத்து நாளில் 10 மணிக்கு வந்துவிடலாம். கூடவே எழுந்ததும் இருபது முப்பது நிமிடம் வெளியே பகல் வெளிச்சத்தில் இருக்கட்டும். உள்கடிகாரத்தை முன்னே இழுப்பதற்குக் காலை வெளிச்சத்தைவிட வலுவான கருவி இல்லை. மைதானத்தில் நடை போதும். ஓட்டம் வேண்டாம் என்றால் வேண்டாம்.

இதற்கு எதிராக வேலை செய்வது இரவு வெளிச்சம். 9.30 வரை வெள்ளை டியூப் லைட்டின் கீழ் இருந்துவிட்டு 10 மணிக்குத் தூங்கச் சொன்னால் மெலடோனின் அடங்கியே கிடக்கும். படுக்கையறையில் 2700 கெல்வின் மஞ்சள் எல்இடி பல்புகள் போடுங்கள், கடைசி அரை மணி நேரம் அது மட்டும் எரியட்டும். தாழ்வார விளக்கு கட்டிலில் விழாதபடி திருப்பி வையுங்கள்.

இரவு 9 மணித் தேநீரை நிறுத்துங்கள். அதிலுள்ள காஃபீனின் பாதி உடலை விட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். 9 மணிக்குக் குடித்ததில் பாதி அதிகாலை 2 மணிக்கும் உள்ளே இருக்கும். தூங்கிவிட்டாலும் தூக்கம் மேலோட்டமாகும். மாலை 4 மணித் தேநீரே கடைசி. மேல்மாடி அறைகளில் கான்கிரீட் தளம் பகலில் குடித்த வெப்பத்தை இரவில் கக்கும். மொட்டைமாடிக்கு வெள்ளைப் பூச்சு, சன்னலுக்குக் கொசுவலை, மேல்கட்டிலுக்கும் எட்டும் காற்று இவை மூன்றும் எந்த மோட்டிவேஷன் பேச்சைவிடவும் மலிவு.

மதியம் கண்ணயர்வது சோம்பல் என்பதும் பழைய பிழை. சாப்பாட்டுக்குப் பின் 20 நிமிடம் விளக்கை அணைத்து மேசையில் தலை சாய்க்கவிடுங்கள். தூங்க முடியாதவர்கள் கண்ணை மூடியிருந்தால் போதும். 20 நிமிடத்தில் மணி அடித்தே ஆக வேண்டும். அரை மணியைத் தாண்டினால், தூக்கம் குறைந்த பிள்ளைகள் நேராக ஆழ்ந்த தூக்கத்தில் விழுந்து, எழும்போது இன்னும் மந்தமாக இருப்பார்கள். மாலை 3 மணிக்குப் பிறகு இது வேண்டாம், இரவுத் தூக்கத்தைத் தின்றுவிடும்.

ஞாயிற்றுக்கிழமை 10 மணி வரை தூங்கவிட்டுவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்றும் நம்பாதீர்கள். களைப்பு கொஞ்சம் தீரும். ஆனால் உள்கடிகாரம் பின்னே போய், ஞாயிறு இரவு தூக்கம் வராமல், திங்கள் காலை இரு மடங்கு கடினமாகும். வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் கூடுதல் என்பதோடு நிறுத்துங்கள்.

காப்பாளர்களுக்குத் தனியாக ஒன்று. உரக்கக் குறட்டை விடும் பிள்ளை நன்றாகத் தூங்குகிறான் என்று நினைக்காதீர்கள். வாய் திறந்த குறட்டை, நடுவில் சில நொடி மூச்சு நின்று திணறி மீண்டும் இழுப்பது, காலையில் தலைவலி, எட்டு மணி நேரம் தூங்கியும் வகுப்பில் சாய்வது ஆகியவை சேர்ந்திருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். மூக்கின் பின்புறமுள்ள அடினாய்டு சதை, டான்சில் ஆகியவற்றின் வீக்கமோ உடல் பருமனோ காரணமாக இருக்கலாம். தூக்கம் வரவில்லை என்பவருக்கு முதலுதவிப் பெட்டியிலிருந்து சளி மாத்திரை கொடுக்கும் பழக்கம் எங்காவது இருந்தால் இன்றே நிறுத்துங்கள். அதன் மயக்கம் மறுநாள் வகுப்பிலும் தொடரும்.

புதிய அட்டவணையை ஜூனில் விடுதி திறக்கும் வாரத்திலேயே தொடங்குவது நல்லது. அது தவறினால் காலாண்டு விடுமுறை முடிந்த வாரம். பொதுத்தேர்வுக்கு முந்தைய மாதத்தில் பிள்ளைகளின் எந்தப் பழக்கத்தையும் கலைக்க வேண்டாம். அப்போது இரவுப் படிப்பை மட்டும் 9.30க்கு முடித்துவிடுங்கள், போதும்.

இங்ஙனம்,
தூக்க மருத்துவத்திலும் பதின்பருவ உடல்நலத்திலும் பணியாற்றுவோர்