புல்லட்டுக்கு ஒரு ஸ்டாம்ப் வேணும்

ஐயா,

2006லயே அமெரிக்காவுல ஹார்லி, இந்தியன்ங்கிற அந்த ஊர் கம்பெனிங்க வண்டி மாதிரி நாலு பழைய பைக்குகளுக்கு ஸ்டாம்ப் போட்டாங்க, அதே மாதிரி நம்ம திருவொற்றியூர் புல்லட்டுக்கும் அதைச் செஞ்சவங்களுக்கும் தபால்துறை ஒண்ணு போடணும்னு ரொம்ப நாள் ஆசை. 1955ல மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்து ராயல் என்ஃபீல்டும் கைகோத்து ஆரம்பிச்சது, இங்கிலாந்துல கம்பெனியே மூடினப்பறமும் இங்க வண்டி வந்துக்கிட்டே இருந்துச்சு. எங்கப்பா வண்டிய ஸ்டார்ட் பண்ண, ஆம்பியர் மீட்டர் முள்ளு நடுவுல வர்ற வரைக்கும் மெதுவா கிக்கர அமுக்கி, டிகம்ப்ரஸ்ஸர, அதாவது என்ஜின் அழுத்தத்தைக் குறைக்கிற லிவர, புடிச்சு, அப்புறம் ஒரே உதை! வலது பக்கம் கியர், இடது பக்கம் பிரேக். ஸ்டாம்ப்புல வண்டி மட்டும் போதாது, டேங்க்ல கையால தங்கக்கோடு இழுத்த அந்தத் தொழிலாளி கையும் இருக்கணும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், சென்னை