பையும் துணையும்

பாளையங்கோட்டை
மார்கழி முதல் வாரம்

அன்புள்ள ஜெயா,

அரையாண்டுத் தேர்வுத் தாள் கட்டுக்கட்டாகக் கிடந்ததில் உனக்குப் பதில் எழுதப் பிந்திவிட்டது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டு அவிழ்த்த அன்றைக்கே காற்றாடி இறக்கையில் தூசி, குழம்பில் கடுகு கருகிப்போச்சு என்று ஆரம்பித்துவிட்டாள். சின்னவன் கோவில்பட்டியில் காலேஜ் சேர்ந்திருக்கிறான். சனிக்கிழமை சனிக்கிழமை அழுக்குத் துணியோடு வருவான், திங்கட்கிழமை துவைத்த துணியோடு போவான். உன் மாமனாருக்கு உடம்பு இப்போது எப்படி? அதைப் பற்றி ஒரு வரி இல்லை. இரண்டு பக்கமும் சைக்கிள்தான் எழுதியிருக்கிறாய் ஏட்டி!

சரி, அதற்கே வருகிறேன். சைக்கிளில் இரண்டு மூன்று நாள் ஊர் சுற்றிவர எந்தப் பை வாங்க, யாரோடு போக என்று இரண்டு கேள்வி கேட்டிருந்தாய். எனக்கு அது ஒரே கேள்வியாகத்தான் படுகிறது. கூட வருகிறவள் யாரென்று தெரியாமல் பை வாங்கினால், அவள் கொண்டுவருவதையே நீயும் சுமப்பாய். அவளிடம் இருக்கும் என்று நீ விட்டுவந்தது அவளிடமும் இருக்காது. ஆனால் நீ பையைத்தானே முதலில் கேட்டாய், அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

நீ அனுப்பிய படத்தில் இருக்கிற செட்டைப் பார்த்தேன். ஹேண்டில்பாரில் ஒரு சுருட்டுப் பை, நடு முக்கோணத்தில் ஃபிரேம் பை, சீட்டுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டு ஒரு சீட் பேக். பார்க்க அம்சமாகத்தான் இருக்கிறது. கேரியர் மாட்ட ஓட்டையில்லாத சைக்கிளுக்கும், கல்லும் வேருமாகக் கிடக்கிற மலைப்பாதைக்கும் அதைவிட நல்லது கிடையாது. பை ஒடுக்கமாக இருப்பதால் புதரில் மாட்டாது, குலுக்கலில் கலகலக்காது. ஆனால் அதைப் போட்டுக்கொண்டு படத்துக்கு நிற்கிறவன் ஆறடி ஆள். நீயும் நானும் ஐந்தடியைத் தாண்ட மூச்சுப் பிடித்தவர்கள். நம் அளவு சைக்கிளில் முக்கோணமே சின்னது. அதில் பையை அடைத்தால் தண்ணீர் பாட்டிலை உருவ முடியாது, பக்கவாட்டில் எடுக்கிற பாட்டில் ஸ்டாண்டு போட வேண்டியிருக்கும். சீட்டையும் நாம் தாழ்த்தித்தான் வைப்போம். அப்போது சீட்டுக்கும் பின் டயருக்கும் நடுவில் இடமே இருக்காது. 14 லிட்டர் சீட் பேக்கை மாட்டிப் பார், முதல் வேகத்தடையிலேயே பையின் அடி டயரில் தேயும். தேயாவிட்டாலும், கனத்தைப் பின்நுனியில் போட்டால் ஒவ்வொரு மிதிக்கும் அது நாய்வால் மாதிரி ஆடும். கனமானது சீட்டுத் தண்டை ஒட்டி உள்ளே, துணிமணி வெளியே என்று அடுக்கினால் ஓரளவு அடங்கும். அவ்வளவுதான்.

அதனால் நம் ஊருக்கும் நம் உயரத்துக்கும் நான் சொல்வது பழைய முறைதான். பின்னால் ஒரு கேரியர், அதில் இரண்டு பக்கமும் சின்ன பேனியர் பை. கனம் அச்சுக்குப் பக்கத்தில் தாழ்வாகக் கிடக்கும், ஏறி இறங்கும்போது வண்டி சாய்க்காது. பெரும்பாலான கேரியரில் 25 கிலோ என்று எழுதியிருப்பார்கள். அதைப் பார்த்து ஆசைப்படாதே. தண்ணீர் போக எட்டு கிலோவைத் தாண்டினால் வீட்டிலேயே உட்கார்ந்து மறுபடி பிரித்து அடுக்கு. குதிகால் பையில் இடிக்கிறதா என்று மட்டும் ஓட்டிப் பார். இடித்தால் பையைக் கொஞ்சம் பின்னால் தள்ளி மாட்டலாம். கேரியர் போல்ட் பெரும்பாலும் எம்5 தான். குலுங்கிக் குலுங்கிக் கழலும். உதிரி இரண்டும் 4 மில்லிமீட்டர் ஆலன் சாவியும் எப்போதும் இருக்கட்டும்.

ஃபிரேம் பையை விலை கொடுத்து வாங்காதே. இங்கே மோட்டார் பைக்குக்கு சீட் கவர் தைக்கிற கடைக்காரரிடம் என் சைக்கிள் முக்கோணத்தை அட்டையில் வெட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முதலில் இது எதுக்கும்மா என்று கேட்டார். தைத்து முடித்தபோது, பருமனான ஜிப் போட்டாத்தான் புழுதிக்குத் தாங்கும் என்று அவரே மாற்றிப் போட்டிருந்தார். மழைக்கு உள்ளே ஒரு பாலித்தீன் உறை போதும். அதில் டியூப், பம்ப், டயர் கழற்றுகிற நெம்பி, பஞ்சர் ஒட்டுகிற சாமான் என்று இரும்புக் கனமெல்லாம் அடங்கிவிடும். கட்டுகிற பட்டையும் அப்படித்தான். வெளிநாட்டு ரப்பர் பட்டை ஒன்றுக்குக் கேட்கிற விலையில் பழைய டியூபைக் கீறி ஒரு கூடை வார் எடுக்கலாம். வாழைத்தாரையும் பால் கேனையும் அந்த வாரில் கட்டித்தானே நம் ஊர் சைக்கிள்கள் இத்தனை காலம் ஓடியிருக்கின்றன.

முன்பக்கம் ஃபோர்க்கில் மாட்டுகிற கூண்டு நல்லது, ஆனால் அளவாக. பல ஃபோர்க்குகளில் ஒரு பக்கத்துக்கு 3 கிலோதான் கணக்கு. நான் அதில் தண்ணீர் மட்டும்தான் வைக்கிறேன். நம் பக்கத்து வெயிலுக்கு ஒரு ஆளுக்கு மூன்று லிட்டராவது வேண்டும். ஹேண்டில்பாரில் பெரிய பை கட்டிக்கொண்டு ஆனி, ஆடியில் பணகுடி, காவல்கிணறு பக்கம் போனவளைக் கேட்டுப் பார். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது முன்பை பாய்மரமாகிவிடும். முப்பந்தலில் காற்றாலையை அழகுக்கா நட்டு வைத்திருக்கிறார்கள்?

கூடாரமும் அடுப்பும் வேண்டாம் ஜெயா. முண்டந்துறை, களக்காடு மலையடிவாரமெல்லாம் 1988-லிருந்து புலிகள் காப்பகம். வனத்துறை அனுமதியில்லாமல் உள்ளே கூடாரம் போடுகிற பேச்சே கிடையாது. கீழே சமவெளியில் எந்தத் திசையில் போனாலும் இட்லி உண்டு, சாயங்காலமானால் புரோட்டா உண்டு. அடுப்புக்கான கேஸ் டப்பாவை ரயிலிலும் ஏற்றக்கூடாது. கோரைப்பாய் ஒன்று மட்டும் கட்டிக்கொள்ள ஆசையாக இருக்கும், பத்தமடை பக்கத்திலேயே இருப்பதால். அதன் நீளம் ஹேண்டில்பாரைத் தாண்டி எதிரே வருகிற பஸ்ஸையும் தொடும். விட்டுவிடு.

பஞ்சருக்குத்தான் இந்த ஊரில் பயப்பட வேண்டும். சீமைக்கருவேல முள் கனத்த டயரையே ஏறிவிடும், நெருஞ்சி சத்தமில்லாமல் வேலையைக் காட்டும். சைக்கிளை ரோட்டை விட்டு இறக்கி மரத்தடியில் சாய்த்தாலே போதும். டியூப்லெஸ் போட்டால் சின்ன முள்ளெல்லாம் பிரச்சினையில்லை, ஆனால் ஓட்டையை அடைக்க டயருக்குள் ஊற்றுகிற பால் மாதிரித் திரவம் நம் வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும். பங்குனி, சித்திரையில் அடிக்கடி திறந்து பார்க்க வேண்டும். அப்படியிருந்தும் உதிரி டியூப் இல்லாமல் கிளம்பாதே.

இனி துணை. இதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

1923-ல் பம்பாயிலிருந்து ஆறு பார்சி இளைஞர்கள் சைக்கிளில் உலகம் சுற்றக் கிளம்பினார்கள். 1928-ல் சுற்றி முடித்து வந்தவர்கள் மூன்று பேர்: ஆதி ஹக்கீம், ஜால் பாப்பசோலா, ருஸ்தம் பும்காரா. அதற்கும் முன்னால், 1884-ல், முன்சக்கரம் மட்டும் ஆளுயரம் இருக்குமே, அந்த வண்டியில் தாமஸ் ஸ்டீவன்ஸ் தனியாகக் கிளம்பினான். ஹேண்டில்பார் பையில் காலுறை, மாற்றுச் சட்டை, கூடாரமாகவும் விரிப்பாகவும் ஆகிற ஒரு மழைக்கோட்டு, ஒரு கைத்துப்பாக்கி. அவனுக்கு அது போதும். லாட்ஜ் மேஜைக்கு முன்னால் நின்று 'எங்கேயிருந்து வாரீங்க, கூட யாரு' என்ற விசாரணைக்கு அவன் பதில் சொல்ல வேண்டியதில்லை. நமக்கு இருக்கிறது. உச்சிவெயிலில் டீக்கடையில் இறங்கினால் 'ஆம்பிளைக யாரும் வரலையா?' என்று கட்டாயம் கேட்பார்கள். 'முன்னாடி போயிருக்காங்க' என்று சொல்லிப் பழகிக்கொள். கேட்டவரும் திருப்தியாகி இன்னொரு வடை வைப்பார்.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் நாற்கரச் சாலையில் கூட்டமாக ஓட்டுகிறார்களே, அங்கே துணை தேடலாமா என்று கேட்டாய். நல்ல பிள்ளைகள்தான். ஆனால் எட்டு மணிக்கு வீட்டில் இருக்க வேண்டும் என்பதற்காக ஓட்டுகிறவர்கள். பிரெவே என்று குறித்த நேரத்துக்குள் நெடுந்தூரம் ஓட்டி முடிக்கப் போகிறவர்கள் இன்னொரு ஜாதி. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்தில் முடிக்க வேண்டும் என்கிற கணக்கு அவர்கள் ரத்தத்தில் ஓடும். டீ குடிக்கும்போதும் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். அவர்களோடு ஓட்டினால் பலம் வரும், பறவை பார்க்க முடியாது. எங்க வீட்டுக்காரர் பாசமாக ஒரு யோசனை சொன்னார்: 'நீங்க ஓட்டுங்க, நான் சாமானோட கார்ல பின்னாடியே வாரேன்.' பையே தேவைப்படாத பயணம் எனக்கும் தேவையில்லை என்று சொல்லிவிட்டேன்.

நான் ஆளை எப்படிப் பார்க்கிறேன் என்றால், முதலில் ஒரு நாள் கூட ஓட்டிப் பார்ப்பது. திருச்செந்தூர் போகிற ரோடு அதற்குத் தோதானது, ஒரு வழிக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர். திரும்பும்போது முடியவில்லை என்றால் ரயில் இருக்கிறது. காலையில் எல்லோரும் நல்லவர்கள்தான். பகல் பன்னிரண்டுக்கு மேல் பார்க்க வேண்டும். பசிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்கிறாளா, அல்லது சொல்லாமல் முகத்தைத் தூக்குகிறாளா? முன்னால் போனவள் திருப்பத்தில் நின்று பார்க்கிறாளா? முட்டி வலித்தால் மூன்றாவது கிலோமீட்டரில் சொல்கிறவளை நம்பலாம். முப்பதாவது கிலோமீட்டரில் ரோட்டோரம் உட்கார்ந்துகொண்டு சொல்கிறவளோடு ராத்தங்கல் போக முடியாது. வேகம் எனக்கு ஒரு பொருட்டில்லை. விழிக்கிற நேரம் பொருட்டுதான். ஐந்துக்குக் கிளம்புகிறவளும் ஏழுக்குத் தலை குளிக்கிறவளும் ஒரே அறையில் சேர்ந்தால் முதல் நாளே முடிந்தது.

எண்ணிக்கை? மூன்று வேண்டாம். இரண்டு பேர் பேசிக்கொண்டு போக, ஒருத்தி தனியாகிவிடுவாள். இரண்டு நல்லது, நான்கு அதைவிட நல்லது. அறையும் இரண்டிரண்டாகப் பிரியும். செலவுக்கு ஆளுக்கு ஆயிரம் போட்டு ஒரு பொதுப் பர்ஸ். அது கணக்கு வாத்தியார் புத்தியுள்ளவளிடம் இருக்க வேண்டும், உன்னிடம் வேண்டாம்.

இப்போது பையும் துணையும் சேருகிற இடத்துக்கு வருகிறேன். எதைப் பங்கு போடலாம், எதைப் போடக்கூடாது என்பதில் நான் கறார். டியூப், பம்ப், தண்ணீர், விளக்கு, போன் சார்ஜ் பண்ணுகிற பவர் பேங்க் இவையெல்லாம் ஆளுக்கு ஆள் தனித்தனி. வழி பிரிந்தாலும் அவரவர் வீடு சேர வேண்டும். மருந்துப் பை, செயின் கழற்றுகிற கருவி, பூட்டு, சோப்பு, துணி காயப்போடக் கயிறு இவை கூட்டத்துக்கு ஒன்று. இந்தப் பொதுச் சாமானைப் பரப்பி வைத்துப் பிரிக்கும்போது பார், ஆள் தெரிந்துவிடும். கனமான பூட்டைத் தானாக எடுத்து வைப்பவள் ஒருத்தி இருப்பாள், கயிறை மட்டும் எடுத்துக்கொண்டு என் பை நிறைந்துபோச்சு என்பவள் ஒருத்தி இருப்பாள். இந்தப் பிரிவினையை நான் கிளம்புவதற்கு முந்தின வாரமே செய்வது அதற்காகத்தான்.

அரையாண்டு லீவிலேயே போய்விடலாம் என்று எழுதியிருந்தாய். மார்கழியை நம்ப மாட்டேன். 2023-ல் இதே வாரம், டிசம்பர் 17, 18-ல் தாமிரபரணி போட்ட போட்டில் செந்தூர் ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்று சனங்கள் தவித்ததை மறந்துவிட்டாயா? தை கடைசியில் வா. பனங்கிழங்கு இருக்கும், வெயில் ஏறியிருக்காது, கூந்தன்குளத்தில் தண்ணீரும் இருக்கும் பறவையும் வந்திருக்கும். முதல் நாள் கூந்தன்குளம் வழியாகத் திசையன்விளை. அங்கே நம் கூட்டத்தில் ஒருத்தியின் தங்கை வீடு இருக்கிறது. மறுநாள் உவரி, மணப்பாடு, திருச்செந்தூர். தேரிக்குள் சைக்கிளை இறக்கலாம் என்று ஆசை காட்டுவார்கள், சம்மதிக்காதே. பையோடு அந்தச் செம்மணலில் இறங்கினால் தள்ளத்தான் வேண்டும். ரோட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். மூன்றாம் நாள் ஆற்றோரமாக ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவைகுண்டம், ஆதிச்சநல்லூர் என்று வாழைத்தோப்பு நிழலில் வீடு வந்துவிடலாம்.

இங்கிருந்து நானும் எங்க பள்ளிக்கூடத்து பி.டி. டீச்சரும். உன்னோடு மூன்று. கோயம்புத்தூரிலிருந்து நாகர்கோவில் வண்டியில் வா. சைக்கிளைப் பார்சல் ஆபீஸில் லக்கேஜாகப் போடு, பைகளைக் கழற்றி கையில் வைத்துக்கொள். அதற்கு முன்னால் பின் அச்சுக்குப் பக்கத்திலும் சீட்டுக்குக் கீழேயும் கேரியர் மாட்ட ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து எழுது. இருந்தால் என் பழைய கேரியர் உனக்கு. நான்காவது ஆளாக உன் ஓரகத்தி வருகிறாள் என்றாயே, தாராளமாக வரட்டும். டீச்சருக்கு ராத்திரித் தூக்கம் ஊசி விழுந்தால் கலையும். ஓரகத்தி குறட்டை விடுவாளா என்பதை மட்டும் ஒளிக்காமல் எழுதிவிடு. அறையை அதற்கேற்ற மாதிரிப் பிரிக்கிறேன்.

அன்புடன்,
செண்பகம்