வரம்பு தாண்டுகிற வண்டிக்கு ஒரு திறந்த பெட்டி

உப்புவெளி,
திருகோணமலை.

அன்புள்ள மச்சான்,

நான் நலம். அங்கே மெல்பேணில் எல்லாரும் சுகம்தானே? பெரும்போக விதைப்பு முடிந்து இப்போதுதான் கதிரையில் இருக்க நேரம் கிடைத்தது, அதுதான் பதில் பிந்திவிட்டது. போன வெள்ளி கோணேசர் கோயிலில் உன் அம்மாவைக் கண்டேன். மலை ஏறத்தான் கொஞ்சம் களைக்கிறார், மற்றபடி நல்ல சுகம். நீ அடுத்த முறை வரும்போது பிள்ளைகளையும் கூட்டி வரச் சொன்னார்.

நீ வாங்கிய சுசுகியின் சின்ன ஜீப், அந்த ஐந்து கதவு ஜிம்னியின் படங்களை ஆசை தீரப் பார்த்தேன். நல்ல பச்சை. ஆனால், "இதற்குப் பின்னுக்குத் திறந்த பெட்டி வைத்த பிக்கப் வகை கேட்பது வேண்டாத வேலை, இது பொழுதுபோக்கு வண்டி" என்று எழுதியிருந்தாயே, அதை என்னால் ஏற்க முடியவில்லை. இரண்டு நாளாக அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

போன அறுவடையில் நடந்ததைச் சொல்கிறேன். தம்பலகாமத்து வயலில் நெல் கட்டி வைத்த அன்று காலம் தப்பிய மழை. மூடைகளை ரோட்டுக்குக் கொண்டுவர ஒரு டபுள் கெப்பை வாடகைக்குப் பிடித்தேன். நாலு கதவும் பின்னுக்குப் பெட்டியுமாக, நாலு சில்லும் இழுக்கிற பெரிய வண்டி. வாய்க்கால் வரம்பில் ஏறியதும் முன் சில்லு அந்தப் பக்கம், பின் சில்லு இந்தப் பக்கம், வயிறு வரம்பில் குந்திவிட்டது. சில்லுகள் சும்மா சுற்றின. மழையில் மூடைகளை இறக்கி, பக்கத்து வயல்காரரின் உழவு இயந்திரத்தைக் கொண்டுவந்து இழுத்தெடுக்கும்போது பொழுது பட்டுவிட்டது. அடி மூடைகள் நனைந்து போயின.

அந்த வண்டிக்குப் பலம் போதாமல் இல்லை, நீளம்தான் கூடிப்போனது. டபுள் கெப்புகளில் முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடைத்தூரம் 3 மீற்றருக்கு மேல். மூன்று கதவு ஜிம்னியில் அது 2.25 மீற்றர், உன்னுடையதில் 2.59. அந்த 34 சென்ரிமீற்றர் கூடியதிலேயே, வயிறு தட்டாமல் மேட்டைத் தாண்டும் கோணம் 28 பாகையிலிருந்து 24 ஆகக் குறைந்துவிட்டது. இங்கே எங்களுக்கு ஒரு வண்டி கிடைக்கிறதென்றால் அது வரம்பு தாண்டும், ஆனால் சாமான் ஏற்ற இடமில்லை. இல்லாவிட்டால் சாமான் ஏற்றும், வரம்பில் குந்திவிடும். இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய வண்டியை யாரும் செய்வதில்லை.

சுசுகிக்கு இது தெரியாத விஷயமும் இல்லை. எஸ்ஜே410 என்ற பழைய ஜிம்னியின் காலத்தில் பிக்கப் வகை இருந்தது. அதற்கு முந்திய தலைமுறையின் பிக்கப் உங்கள் அவுஸ்திரேலியாவிலேயே ஸ்டொக்மன் என்ற பெயரில் விற்றது. 2018இல் புது ஜிம்னி வந்து, அடுத்த சனவரியில் தோக்கியோ ஒட்டோ சலூன் என்ற வாகனக் கண்காட்சியில் அதன் பிக்கப் மாதிரி ஒன்றையும் காட்டினார்கள். மரப்பலகை பதித்த சின்னப் பெட்டி, பழைய காலத்து முகம். பார்த்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். காட்டியதோடு சரி, விற்பனைக்கு வரவேயில்லை.

செய்வதற்கு வசதியான வண்டியும் இதுதான். ஜிம்னிக்கு ஏணி மாதிரித் தனிச் சேசி, அதாவது அடிச்சட்டம், இருக்கிறது, உடம்பு அதன்மேல் பூட்டியது. பாரம் முழுக்கச் சேசியில் நிற்பதால் பின்பக்கத்தை வெட்டிப் பெட்டி வைத்தாலும் வண்டி தளராது. 2019இல் வந்த லாண்ட் ரோவரின் புது டிஃபெண்டருக்கு அந்த வசதி இல்லை. கூரையும் பக்கச் சுவரும் சேர்ந்துதான் அதைத் தாங்குகின்றன, வெட்டினால் புதிதாகவே வடிவமைக்க வேண்டும். ஆனால் லாண்ட் ரோவரின் தொடக்கத்தைப் பார். 1948இல் அம்ஸ்ரர்டாமில் முதலில் காட்டியபோது அது கமக்காரனுக்கான திறந்த வண்டி, மேலே கன்வஸ் மட்டும்தான். அதனால்தான் பிக்கப்பை நான் ஒரு மேலதிக வகையாகப் பார்ப்பதில்லை. இந்த வண்டிகளின் பிறவி வடிவமே அதுதான். பழைய டிஃபெண்டரை நினைத்து இனியொஸ் கம்பனி செய்த கிரெனடியரும் 2023இல் குவார்ட்டர்மாஸ்டர் என்ற பிக்கப்பைக் காட்டியது. அதற்கு இடைத்தூரத்தை 305 மில்லிமீற்றர் கூட்டினார்கள். நல்ல வண்டிதான், ஆனால் எங்கள் வரம்புக்கும் எங்கள் காசுக்கும் அது எட்டாது.

உன் பக்க நியாயத்தையும் யோசித்தேன். மூன்று கதவு ஜிம்னியின் வெறும் எடை 1,135 கிலோ, முழுப் பாரத்தோடு 1,435 வரைதான் போகலாம். மிச்சம் 300 கிலோ. அதில் ஓட்டுகிறவனைக் கழித்தால் நெல்லில் மூன்று மூடை, அவ்வளவுதான். இதே ஸ்பிரிங்கோடு பெட்டியை மட்டும் வைத்து விட்டால் நீ சொன்ன மாதிரி அது பொழுதுபோக்கு வண்டிதான். ஆனபடியால் பின்னுக்குப் பழைய எஸ்ஜேயில் இருந்த, பாரம் தாங்குகிற தகட்டு அடுக்கான லீஃப் ஸ்பிரிங்கைத் திரும்பப் போடவேண்டும், அச்சும் பிறேக்கும் பாரத்துக்கு ஏற்றபடி இருக்கவேண்டும். உன் வண்டியின் நீளமான சேசியை எடுத்து, முன்னுக்கு இரண்டு இருக்கை மட்டும் வைத்து, மிச்சம் முழுக்கப் பெட்டியாக விடட்டும். நாலு கதவும் குட்டிப் பெட்டியும் வேண்டாம். ஐரோப்பாவில் 2021இல் பின் இருக்கையை எடுத்துவிட்டுச் சாமான் வண்டியாக ஜிம்னியை விற்றார்கள். அதற்கு 863 லீற்றர் இடம் என்று கணக்குச் சொன்னார்கள், ஆனால் அது மூடிய இடம்.

மூடிய இடத்தில் மீனை ஏற்றிப் பார்த்திருக்கிறாயா? அக்காவின் மகன் குச்சவெளியில் வாடி போட்டிருக்கிறான். விடிய நாலு மணிக்கு ஐஸ் பெட்டி, ஈர வலை, சில நாள் படகு எஞ்சினும் மணலுக்குள்ளால் ரோட்டுக்கு வரவேண்டும். திறந்த பெட்டி என்றால் இரண்டு வாளி நல்ல தண்ணீர் ஊற்றிவிட்டால் முடிந்தது. உன் ஜிம்னியின் காபெற்றில் ஒரு நாள் சூடைமீன் தண்ணீர் ஊறினால் அந்த வாடை பிறகு போகவே போகாது. உப்புக்காற்றில் பெட்டி கறள் பிடிக்கும் என்பது உண்மை. அதற்குத்தான் தண்ணீர் வடிய ஒழுங்கான துளைகளும் நல்ல பூச்சும் கேட்கிறேன்.

இங்கே 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் திறந்துவிட்டார்கள், ஆனால் வரியோடு சேர்ந்த விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. சுசுகி நாளைக்கே அதைச் செய்தாலும் என் கைக்கு வர எத்தனை வருடமோ. அதற்காகக் கேட்காமல் இருக்க முடியுமா? உங்கள் நாட்டில் பெட்டி வண்டிகளை விரும்பி வாங்குகிறார்கள், உங்கள் சத்தம் கம்பனிக்குக் கேட்கும். எங்களுடையது அவ்வளவு தூரம் போகாது. நீ வண்டியைச் சேர்விசுக்கு விடும்போது அங்கே இருப்பவர்களிடம் இதை ஒருக்கால் சொல்.

இன்னொரு சின்ன உதவி. பின் இருக்கையை மடித்துவிட்டு, பின் கதவிலிருந்து முன் இருக்கையின் முதுகு வரை எத்தனை அடி என்று அளந்து எழுது. அகலமும் வேண்டும், சில்லு மூடி இடிக்கிற இடத்தில் எவ்வளவு என்று தனியாக. நெல் மூடையைப் படுக்கப் போட்டால் எத்தனை கொள்ளும் என்று கடதாசியில் கீறிப் பார்க்கப் போகிறேன்.

அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழன்